204 வந்தும் மாறாத வீடு: ரெட்மைன் ஏபிஐயும் ரூபியும் சேர்ந்த ஒரு தோட்ட வீடமைப்பு வேலை

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். லயங்களில் (தோட்டத்தின் வரிசைக் குடியிருப்புகளில்) இருக்கும் குடும்பங்களைத் தனி வீடுகளுக்கு மாற்றும் திட்டம் நடக்கிறது. 120 வீடுகள், குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம், 550 சதுர அடி வீடு என்ற, மலையகத்தில் பழகிப்போன அளவு. ஒவ்வொரு வீட்டிலும் எட்டுக் கட்ட வேலை: நிலம் மட்டப்படுத்தல், அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு, கதவு யன்னல், மலசலகூடம், மின் இணைப்பு. வேலைகளைப் பின்தொடரும் மென்பொருளான ரெட்மைனில் வீட்டுக்கு ஒரு தாய் இஷ்யூ (வேலைப் பதிவு), அதன் கீழே எட்டு உப இஷ்யூ. மொத்தம் 1,080. வெளிக்கள உத்தியோகத்தர்கள் எக்செல் தாளில் குறித்து வருவதை, ரூபி என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் ரெட்மைனில் ஏற்ற வேண்டும். காலைப் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு) முன்னால், எந்த பாஸ் (கட்டடத் தொழிலாளி) எந்த வீட்டில் என்ன வேலை பார்க்கப் போகிறார் என்ற பட்டியல் அச்சாகிக் கையில் இருக்க வேண்டும்.

வீடுகளின் எண்ணிக்கையும் குறியீடுகளும் கணக்குக்காக வைத்தவை. ரெட்மைனும் நூலகமும் நடந்துகொள்ளும் விதம் உள்ளபடியே சொல்லப்படுகிறது.

ரெட்மைனைத் தெரிவு செய்யக் காரணம் எளிது. 2006இலிருந்து இருக்கும் இலவச மென்பொருள், ரூபியின் வலைச் சட்டகமான ரெயில்ஸில் எழுதப்பட்டது, சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். அலுவலகத்துக்குள்ளேயே சேவையகம் இருந்தால், மழைக்கு இணையம் போனாலும் உள்வலையில் வேலை நிற்காது. அட்டன் முதல் பொகவந்தலாவை வரை வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நூலகம் ஆக்டிவ் ரிசோர்ஸ். ஒரு காலத்தில் ரெயில்ஸுக்குள்ளேயே இருந்தது. 2013இல் வந்த ரெயில்ஸ் 4.0 முதல் தனி ஜெம் (ரூபிப் பொதி). இணையத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு பதிவை உள்ளூர் ரூபிப் பொருள் போலவே கையாள விடுவதுதான் அதன் கவர்ச்சி. இந்த வேலையில் வந்த வில்லங்கங்களில் பாதி அந்தக் கவர்ச்சியிலிருந்தே வந்தது.

அடிப்படை அமைப்பு

ரெட்மைனில் ஏபிஐ, அதாவது வெளி நிரல்கள் பேசும் வாசல், இயல்பாக மூடியே இருக்கும். நிர்வாகப் பகுதியில் அமைப்புகள், அதற்குள் ஏபிஐ என்ற தாவலில் ரெஸ்ட் சேவையை இயக்கும் பெட்டியில் சரியடையாளம் இட வேண்டும். ஸ்கிரிப்டுக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவருடைய கணக்குப் பக்கத்தில் உள்ள ஏபிஐ சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். சாவியை முகவரியின் வாலில் ஒட்டி அனுப்பவும் ரெட்மைன் விடும். ஆனால் அப்படி அனுப்பினால் சேவையகப் பதிவேடுகளில் எல்லாம் சாவி எழுதப்பட்டுவிடும். எக்ஸ்-ரெட்மைன்-ஏபிஐ-கீ என்ற தலைப்பில் அனுப்புவதே முறை.

ரூபிப் பக்கத்தில் ஒரு தாய் வகுப்பு போதும். அதில் சேவையக முகவரி, சாவித் தலைப்பு, காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் இருக்கும்; இஷ்யூ, புரொஜெக்ட் ஆகிய பிள்ளை வகுப்புகள் அதிலிருந்து பெற்றுக்கொள்ளும். இன்குளூட்_ரூட்_இன்_ஜேசன் என்ற அமைப்பை உண்மை என்று வைக்க மறக்கக்கூடாது. ரெட்மைன் தகவலை "இஷ்யூ" என்ற உறைக்குள் எதிர்பார்க்கிறது; ஆக்டிவ் ரிசோர்ஸ் இயல்பில் உறை போடாமல் அனுப்பும்.

இவ்வளவும் செய்து ஒரு தனி இஷ்யூவைக் கேட்டால் ஒழுங்காக வரும். பட்டியலைக் கேட்டால் இடறும். பட்டியல் பதிலில் இஷ்யூக்களுடன் மொத்த எண்ணிக்கை, தொடக்கம், வரம்பு என்று இன்னும் மூன்று சாவிகள் (புலப் பெயர்கள்) வரும். பதிலில் ஒரே ஒரு சாவி இருந்தால்தான் ஆக்டிவ் ரிசோர்ஸ் அதைத் தானாகப் பிரிக்கும். நான்கு இருந்தால் பிரிக்காமல், ஒவ்வொரு சாவியையும் ஒரு இஷ்யூவாக்கப் பார்த்து, பண்புகளை ஹேஷாக (பெயர்-மதிப்பு இணைகளாக) மாற்ற முடியவில்லை என்று விழும். ஜேசன் வடிவத்தை விட்டு எக்ஸ்எம்எல்லுக்கு மாறினால் இந்தப் பிழை போய்விடும், ஆனால் மொத்த எண்ணிக்கையும் கூடவே போய்விடும். அது போனால், எல்லாம் வந்துசேர்ந்ததா என்று பின்னால் சொல்லப்போகும் சரிபார்ப்பைச் செய்ய முடியாது. சரியான வழி, கலெக்ஷன்_பார்சர் என்ற இடத்தில் ஒரு சிறு வகுப்பைக் கொடுப்பது. வந்த ஹேஷிலிருந்து இஷ்யூக்களை உறுப்புகளாகவும் மொத்த எண்ணிக்கையைத் தனி மாறியாகவும் எடுத்து வைக்க ஏழெட்டு வரி போதும்.

பட்டியலில் காணாமல் போன வீடுகள்

வரம்பு சொல்லாமல் கேட்டால் ரெட்மைன் 25 இஷ்யூ தரும். 500 வேண்டும் என்று கேட்டால் 100 தரும். குறைத்துவிட்டேன் என்று சொல்லாது. ஆகவே 1,080 இஷ்யூவுக்கு, நூறு நூறாகப் பதினொரு தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தொடக்க எண்ணை அடுத்த நூறுக்குத் தள்ளி, கையில் சேர்ந்தது மொத்த எண்ணிக்கையை எட்டும்வரை போக வேண்டும். வரிசையை எண்படி ஏறுமுகமாக வைக்க வேண்டும். கடைசியாக மாறியது முதலில் என்று வைத்தால், மூன்றாம் பக்கம் கேட்கும்போது யாராவது ஒரு இஷ்யூவைத் தொட்டுவிட, அது முதல் பக்கத்துக்கு ஏறிவிடும். மற்றவை ஒரு படி இறங்கும். ஒன்று இரண்டு முறை வரும், ஒன்று வராமலே போகும்.

அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. நிலை பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் ரெட்மைன் திறந்திருக்கும் இஷ்யூக்களை மட்டுமே தரும். முன்னேற்ற அறிக்கை எழுதுகிறவருக்கு இதன் பொருள்: முடிந்த கட்டம் எல்லாம் பட்டியலிலிருந்து மறையும். வேலை வேகமாக நடக்க நடக்க அறிக்கையில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஸ்டேட்டஸ்_ஐடிக்கு நட்சத்திரக் குறியைக் கொடுத்தால்தான் திறந்ததும் மூடியதும் சேர்ந்து வரும்.

தவறான வீட்டில் எழுதிய குறிப்பு

இந்த வேலையின் மிக மோசமான கோளாறு இதுதான். இதில் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

வீட்டு எண் ரெட்மைனில் ஒரு தனிப்புலமாக (நாமே சேர்த்த புலமாக) இருக்கிறது. அதன் உள் எண் 7 என்று வைத்துக்கொள்வோம். சிஎஃப்_7 என்ற அளவுருவில் வீட்டு எண்ணைக் கொடுத்துத் தேடி, வந்த பட்டியலில் முதலாவதை எடுத்து, அதில் குறிப்பை எழுதும்படி ஸ்கிரிப்ட் இருக்கிறது. யார் எழுதினாலும் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள்.

தனிப்புலத்தை உருவாக்கும்போது "வடிகட்டியாகப் பயன்படுத்து" என்றொரு பெட்டி இருக்கும். அதில் சரியடையாளம் இல்லையென்றால் அந்தப் புலம் வடிகட்டிகளின் பட்டியலிலேயே இல்லை. இல்லாத வடிகட்டியை யாராவது கேட்டால் ரெட்மைன் மறுப்பதில்லை, கேட்காததுபோல் விட்டுவிடும். விளைவு: 17ஆம் வீட்டைத் தேடினால் திட்டத்தின் எல்லா இஷ்யூவும் வரும். இயல்பு வரிசை எண்படி இறங்குமுகம் என்பதால் முதலாவதாக நிற்பது கடைசியாக உருவாக்கிய இஷ்யூ. தாளில் உள்ள ஒவ்வொரு வரியும் அந்த ஒரே இஷ்யூவில் குறிப்பாகப் போய் விழும். 120ஆம் வீட்டின் மின் இணைப்புக் கட்டத்தில், ஊர் முழுவதின் அத்திவாரக் கதையும் அடுக்கடுக்காக இருக்கும்.

பெட்டியில் சரியடையாளம் இட்டால் இன்றைக்குத் தீரும். நாளைக்கு வேறொருவர் எடுத்துவிட்டால் திரும்பவும் வரும். ஆகவே தேடல் முடிவை நம்பாமல், வந்த இஷ்யூவின் தனிப்புலத்தைத் திறந்து, அதில் உள்ள வீட்டு எண்ணும் தேடிய எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். ஒரே வீட்டின் ஒரே கட்டத்துக்கு முடிவு ஒன்றுக்கு மேற்பட்டு வந்தால் நிறுத்த வேண்டும்.

இதற்கும் மேலான வழி, வரிக்கு வரி தேடாமலே இருப்பது. பதினொரு கோரிக்கையில் 1,080ஐயும் ஒரே மூச்சில் இறக்கி, வீட்டு எண்ணும் கட்டமும் சேர்ந்த சாவியில் ஒரு ஹேஷ் கட்டிக்கொண்டால், தேடல் முழுக்க ரூபிக்குள்ளேயே நடக்கும். சாவி இரட்டித்தால் அங்கேயே தெரியும். இந்த அளவுள்ள திட்டத்துக்கு இதுதான் சரி. பல்லாயிரம் இஷ்யூ இருந்தால், கடைசியாக மாறிய நேரத்தை வைத்து வடிகட்டி, மாறியதை மட்டும் இறக்கலாம்.

"கொ" என்ற எழுத்து

ஹேஷ் கட்டியதும் அடுத்த கோளாறு வெளியே வரும். வீட்டுக் குறியீடு "கொட்-மே-17": கொட்டகலை, மேற்பிரிவு, 17. திரையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் ரூபி, இது அதுவல்ல என்கிறது.

யூனிகோடில் "கொ"வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டி இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். எந்த விசைப்பலகை எப்படித் தருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அச்சில் வித்தியாசமே இல்லை. "கோ"வும் அப்படியே. கொட்டகலை, பொகவந்தலாவை, கொஸ்லந்தை, நோர்வூட், டிக்கோயா என்று மலையகத்து ஊர்ப் பெயர்கள் பலவற்றில் இந்தக் குறிகள் இருக்கின்றன.

ரூபியில் யூனிகோட்_நார்மலைஸ் என்ற முறையை என்எஃப்சி வடிவத்தோடு அழைத்தால் இரண்டும் ஒன்றாகும். தாளிலிருந்து வரும் சரத்துக்கும் ரெட்மைனிலிருந்து வரும் சரத்துக்கும் இரு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை. "ஔ" வரிசையில் மட்டும் இந்த மருந்தும் வேலை செய்யாது. "கௌ"வின் வலப்பக்கக் குறிக்குப் பதிலாக "ள" எழுத்தையே தட்டுகிறவர்கள் உண்டு. அது வேறு எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் தொடாது. குறியீடுகளில் ஔகாரம் வராமல் பார்த்துக்கொள்வதே நல்லது. இன்னும் நல்லது, குறியீட்டை வெறும் எண்ணாக வைப்பது; ஆனால் பிரிவின் பெயரில்லாத வீட்டு எண்ணை வெளிக்களத்தில் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை, அதிலும் நியாயம் இருக்கிறது.

ஸ்கிரிப்ட் வாசிக்க எக்செல் தாளைச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பின் வாசலில் இன்னும் இரண்டு பேர் காத்திருப்பார்கள். எக்செலில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகிவிடும். யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று சேமிக்க வேண்டும். அப்படிச் சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். முதல் நிரலின் பெயர் "வீட்டு எண்" என்றுதான் தெரியும், ஆனால் அந்தப் பெயரில் கேட்டால் ரூபி ஒன்றுமில்லை என்று சொல்லும். கோப்பைத் திறக்கும் பாங்கில் பாம் குறியையும் யுடிஎஃப்-8ஐயும் சேர்த்துக் கொடுத்தால் அது கழன்றுவிடும். மற்றவர், 12-3 என்ற வீட்டு எண்ணைக் கண்டதும் மார்ச் 12 என்று மாற்றிவிடும் எக்செல். நிரலை முன்கூட்டியே உரை வடிவாக்கினால்தான் அது அடங்கும்.

204 என்றால் செய்தேன் என்று பொருளல்ல

இஷ்யூவைத் திருத்த புட் கோரிக்கை அனுப்பினால் ரெட்மைன் 204 தரும். உள்ளடக்கம் இல்லை, ஆனால் சரி என்று அர்த்தம். ஆக்டிவ் ரிசோர்ஸின் சேவ் முறையும் உண்மை என்று திரும்பும். இஷ்யூ மாறாமலே இருக்கலாம்.

திருத்த அனுமதியில்லாத புலங்களை ரெட்மைன் கோரிக்கையிலிருந்து சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, மிச்சத்தைச் சேமிக்கிறது. மிச்சம் ஒன்றுமில்லையென்றாலும் 204தான். இந்த வேலையில் அது மூன்று இடங்களில் கடிக்கும்.

முதலாவது நிலை மாற்றம். நிலைகள் ஐந்து: புதிது, நடக்கிறது, பார்வைக்கு, ஒப்புக்கொண்டது, நிறுத்தம். ஒரு கட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டால்தான் அடுத்த தவணைப் பணம் வரும் என்பதால், "பார்வைக்கு" என்பதிலிருந்து "ஒப்புக்கொண்டது" என்பதற்கு மாற்றும் உரிமை தொழில்நுட்ப உத்தியோகத்தரின் பாத்திரத்துக்கு மட்டும். ஸ்கிரிப்டின் பயனருக்கு அது கிடையாது, இருக்கவும் கூடாது. "புதிது" என்பதிலிருந்து நேராக "பார்வைக்கு"த் தாவவும் பணிப்பாய்வில் வழியில்லை. தாளில் ஒரே வாரத்தில் அத்திவாரம் தொடங்கி முடிந்ததாக இருந்தால், ஸ்கிரிப்ட் முதலில் "நடக்கிறது" ஆக்கி, பிறகு "பார்வைக்கு" ஆக்க வேண்டும். ரெட்மைன் 5.0 முதல், இஷ்யூவைக் கேட்கும்போது இன்குளூட் அளவுருவில் அலவ்ட்_ஸ்டேட்டஸஸ் என்று சேர்த்தால், கேட்கிற பயனர் அந்த இஷ்யூவை எந்தெந்த நிலைக்கு மாற்றலாம் என்ற பட்டியல் கூடவே வரும். அதைப் பார்த்துவிட்டு அனுப்பினால் பாதித் தொல்லை இல்லை.

இரண்டாவது, நிர்வாகியின் சாவி. பரிசோதனையை நிர்வாகியின் சாவியில் செய்தால் எல்லாம் அழகாக நடக்கும். நிலை மாற்றம் என்று வரும்போது நிர்வாகிக்கு எல்லாப் பாத்திரங்களின் உரிமையும் ஒருங்கே உண்டு. பிறகு குறைந்த உரிமையுள்ள சாவிக்கு மாற்றினால் பிழை வராது, மாற்றமும் வராது. இதன் மறுபக்கம் இன்னும் கெட்டது: நிர்வாகியின் சாவியை அப்படியே விட்டுவைத்தால், தாளில் ஒருவர் தவறி "ஒப்புக்கொண்டது" என்று எழுதிய வரிக்கு, யாரும் போய்ப் பார்க்காத சுவர் ஒப்புக்கொள்ளப்பட்டுவிடும். முதல் நாளிலிருந்தே குறைந்த உரிமைச் சாவியில்தான் பரிசோதிக்க வேண்டும்.

மூன்றாவது, தாய் இஷ்யூ. இயல்பு அமைப்பில் தாய் இஷ்யூவின் முன்னுரிமை, திகதிகள், முடிந்த சதவீதம் ஆகியவை உப இஷ்யூக்களிலிருந்து கணக்கிடப்படும். ஏபிஐ வழியாக வீட்டின் முடிவுத் திகதியை மாற்ற முயன்றால் 204 வரும், திகதி அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது உப இஷ்யூவின் திகதியை.

ஆகவே, எழுதிய ஒவ்வொன்றையும் திரும்ப வாசித்து ஒப்பிட வேண்டும். புட் ஒன்றுக்கு ஒரு கெட் (வாசிக்கும் கோரிக்கை) கூடுதல். உள்வலைச் சேவையகத்தில் இது பெரிய விலையில்லை. ஒப்பிடும்போது தனிப்புல மதிப்புகள் எப்போதும் சரமாக வரும் என்பது நினைவிருக்கட்டும். 7 என்று அனுப்பியது மேற்கோளுக்குள் 7 என்று வரும். ஆம் இல்லை என்பது 1, 0 என்ற சரமாக வரும். பல தெரிவுள்ள புலம் அணியாக வரும். நேரடியாகச் சமமா என்று கேட்டால், எல்லாமே தோற்றதாக அறிக்கை வந்து, இரண்டாம் நாளே அதை யாரும் வாசிக்கமாட்டார்கள்.

எதை அனுப்புகிறோம்

ஆக்டிவ் ரிசோர்ஸில் ஒரு இஷ்யூவை எடுத்து, ஒரு புலத்தை மாற்றி, சேவ் செய்தால், மாறிய புலம் மட்டும் போவதில்லை. எடுத்தபோது வந்த விவரணை, தலைப்பு, தனிப்புலங்கள் எல்லாமே திரும்பிப் போகும். காலை எட்டு மணிக்கு இறக்கிய 1,080 இஷ்யூவைப் பத்து மணிக்கு எழுதினால், இடையில் அலுவலகத்தில் ஒருவர் திருத்திய விவரணை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரெட்மைனின் வரலாற்றில் அதைச் செய்தவராக ஸ்கிரிப்டின் பயனர் நிற்பார்.

வழி ஒன்று இருக்கிறது. எடுத்த பொருளைத் தொடாமல், எண், புதிய நிலை, குறிப்பு ஆகிய மூன்றை மட்டும் கொண்ட புதிய இஷ்யூப் பொருளை உருவாக்கி, நியூ முறையின் இரண்டாவது அளவுருவாக உண்மை என்று கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சேமித்த பதிவு இது என்று நூலகம் எடுத்துக்கொண்டு, புதிதாக உருவாக்கும் போஸ்டுக்குப் பதில் திருத்தும் புட் அனுப்பும். அனுப்புவதும் அந்த மூன்றை மட்டுமே. இதை ஒரு சிறு துணை முறையாக எழுதிவைத்துவிட்டு, வேறெங்கும் சேவ் அழைக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும்.

இணைப்பு அறுந்தபோது

சேவையகம் அலுவலகத்தில் இருந்தாலும், பிரிவு அலுவலகத்திலிருந்து ஏற்றுகிறவர் கைபேசித் தரவில்தான் வருவார். கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தால், வேலை நடந்ததா இல்லையா என்று இந்தப் பக்கம் தெரியாது.

புதிய இஷ்யூ உருவாக்கும் போஸ்டை ரூபியின் நெட் எச்டிடிபி தானாக மறுபடி அனுப்பாது. நாமே அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் ஒரே வீட்டுக்கு இரண்டு இஷ்யூ. அனுப்பும் முன் வீட்டு எண்ணில் தேடி, மேலே சொன்ன சரிபார்ப்போடு, இல்லையென்று உறுதியானால் மட்டும் அனுப்ப வேண்டும்.

புட் வேறு கதை. எத்தனை தடவை அனுப்பினாலும் விளைவு ஒன்றே என்ற நம்பிக்கையில், பதில் வராவிட்டால் நெட் எச்டிடிபி தானாகவே இன்னொரு தடவை அனுப்பும். நிலை மாற்றத்துக்கு அது பொருந்தும். ஆனால் ரெட்மைனில் புட்டோடு குறிப்பும் போகிறதே. ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய குறிப்பு சேரும். "2 கியூப் மணல் வந்தது" என்ற குறிப்பு (ஒரு கியூப் 100 கன அடி) இரண்டு முறை விழுந்தால், 400 கன அடி மணல் என்று வாசிக்கப்பட்டு, களஞ்சியக் கணக்கில் 200 கன அடி குறைகிறதே என்று கேள்வி வரும். ரூபி 2.5 முதல் மேக்ஸ்_ரிட்ரைஸ் என்ற அமைப்பைப் பூச்சியமாக்கலாம். ஆக்டிவ் ரிசோர்ஸ் அதற்கு நேரடிப் பிடி தருவதில்லை. இணைப்பு வகுப்பில் எச்டிடிபி பொருளை அமைக்கும் முறையை மேலெழுதி, அங்கே பூச்சியமாக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தை இணைப்புக்குப் பத்து வினாடி, வாசிப்புக்கு முப்பது வினாடி என்று வைப்பது போதுமானது. இயல்பான அறுபது வினாடியில் ஆள் பொறுமை இழந்து ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவார். அந்த மறு ஓட்டத்துக்காகவே, முடிந்த வரிகளை ஒரு கோப்பில் உடனுக்குடன் எழுதிவைக்க வேண்டும்.

அனுப்பிய தகவல் செல்லாது என்று ரெட்மைன் மறுக்கும் 422 பற்றிக் கவலை வேண்டாம். அது நேர்மையான பிழை. சேவ் பொய் என்று திரும்பும், காரணம் எரர்ஸில் இருக்கும். ஒரே குறிப்பு: காரணங்கள் அந்தப் பயனரின் மொழியில் வரும். யாராவது கணக்கின் மொழியை மாற்றினால், செய்தியின் சொற்களை வைத்து முடிவெடுக்கும் ஸ்கிரிப்ட் குழம்பும்.

சிறியவை

படங்கள் இரண்டு படியில் போகும். முதலில் கோப்பின் பைட்டுகளை அப்படியே அப்லோட்ஸ் முகவரிக்கு ஆக்டெட் ஸ்ட்ரீம் வகையில் அனுப்ப வேண்டும். திரும்பி வரும் டோக்கனை இஷ்யூவின் அப்லோட்ஸ் புலத்தில் கோப்புப் பெயருடன் சேர்க்க வேண்டும். ஆக்டிவ் ரிசோர்ஸ் இதற்குத் தோதில்லை, நேரடியாக நெட் எச்டிடிபியில் எழுதுவது சுலபம். இயல்பு வரம்பு 5 எம்பி. இன்றைய கைபேசிப் படம் அதைத் தாண்டக்கூடும். வரம்பைக் கூட்டுவதைவிட, ஏற்றும் முன் படத்தைச் சுருக்குவது கைபேசித் தரவுக்கும் நல்லது.

முதல் ஏற்றத்துக்கு முன் மின்னஞ்சல் அறிவிப்புகளை நிர்வாகத்தில் நிறுத்திவையுங்கள். 1,080 இஷ்யூ உருவாகும்போது ஒவ்வொன்றுக்கும் அறிவிப்புப் போனால், அடுத்த நாளிலிருந்து ரெட்மைனின் அஞ்சலை யாரும் திறக்கமாட்டார்கள்.

பெரட்டுப் பட்டியல் விடியுமுன் ஓடுகிறது. சேவையகக் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், நம்முடைய காலை 5.30 வரை ரூபியின் டேட்.டுடே நேற்றைத்தான் சொல்லும்; 4 மணிக்கு அச்சிட்ட பட்டியல் நேற்றைய வேலையைத் தரும். நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று வைக்க வேண்டும். தாளில் வரும் திகதியை, நாள் மாதம் ஆண்டு என்ற வடிவத்தை வெளிப்படையாகக் கொடுத்து எஸ்டிஆர்பிடைமில் பிரித்து, ஆண்டு முதலாக அனுப்ப வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கை வரும் நாள்

இந்த அமைப்பை முழுதாகச் சோதிக்கும் சந்தர்ப்பம் இதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டங்களில் விடுகிறது. கொட்டகலை, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையில் இதை எதிர்பார்க்க வேண்டும். பதுளைப் பக்கம் ஆண்டுக் கடைசி மழையில். சிவப்பு வந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும், அந்தப் பிரிவில் திறந்திருக்கும் எல்லாக் கட்டங்களும் "நிறுத்தம்" ஆக வேண்டும். பிரிவில் 30 வீடு, வீட்டுக்கு இரண்டு கட்டம் திறந்திருந்தால், 60 புட், திரும்ப வாசிக்க 60 கெட். மற்ற நாளில் ஒரு 204 பொய் சொன்னால் அறிக்கை பிழையாகும், அவ்வளவுதான். அன்றைக்குப் பொய் சொன்னால், அடுத்த நாள் காலைப் பட்டியலில் அத்திவாரம் வெட்ட ஒரு பாஸின் பெயர் இருக்கும்.

ஆகவே இந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் விதி வேறு. பணிப்பாய்வில் "புதிது", "நடக்கிறது", "பார்வைக்கு" மூன்றிலிருந்தும் "நிறுத்தம்" என்பதற்கு ஸ்கிரிப்டின் பாத்திரத்துக்கு வழி திறந்திருக்க வேண்டும். "புதிது" என்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள், தொடங்காத வேலையை யார் நிறுத்துவார்கள் என்று. திரும்ப வாசித்ததில் ஒன்றேனும் மாறாமல் இருந்தால், அந்தப் பிரிவின் பெரட்டுப் பட்டியலே அச்சாகக்கூடாது. அதற்குப் பதில் மாறாத வீடுகளின் எண்கள் மட்டும் அச்சாக வேண்டும். தொலைபேசியில் சொல்வதற்கு இது மாற்றும் அல்ல. கங்காணிக்கும் பாஸுக்கும் முதலில் அழைப்புப் போக வேண்டும். ஸ்கிரிப்ட் அதற்குப் பின்னால் ஏட்டைச் சரிசெய்கிறது.

மழை விட்டு வேலையைத் திரும்பத் திறப்பதை ஸ்கிரிப்டில் வைக்கவே வேண்டாம். எந்த நிலையிலிருந்து நிறுத்தினோம் என்பது இஷ்யூவின் வரலாற்றில் இருக்கிறது. ஜேர்னல்ஸைச் சேர்த்துக் கேட்டால் ஒவ்வொரு இஷ்யூவுக்கும் எடுத்துப் பட்டியலாக்கலாம். அந்தப் பட்டியலைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கையில் எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்கு வீடு நிலத்தையும் பின்பக்க மேட்டையும் பார்த்து, ரெட்மைனில் தன் பெயரிலேயே மாற்றட்டும்.